மாறும் மென்பொருளும் சாரதியின் கைப்பழக்கமும்

மாலையில் லயத்துச் சுவரிற் சாத்திவைத்த கவ்வாத்துக் கத்தி, காலையிலும் அதே கத்தியாகவே இருக்கும். அதன் பிடி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அத்தேய்வும் அங்கேயே இருக்கும். பிடித்தவன் கையன்றிப் பிறிதொரு கை அதனை மாற்றுவதில்லை. கருவியைப் பழகுதல் என்பது இந்நம்பிக்கையின் மேல் எழுந்ததே. மோட்டார் வண்டியும் அண்மைக்காலம் வரை இவ்வினத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. பழுதடையலாம், தேயலாம், ஆயின் உரிமையாளனோ மெக்கானிக்கோ கை வையாதவரையில் அதன் இயல்பு மாறியதில்லை. இன்று அந்நிலை மாறிவிட்டது. இரவில் முற்றத்தில் நிறுத்திய வண்டி, எங்கோ ஒரு நாட்டிலிருந்து வரும் செய்தியை வானலை வழியே ஏற்று, காலையில் வேறு இயல்புடையதாய் நிற்கக்கூடும். உலகின் பல பாகங்களிலும் வண்டி உரிமையாளர்கள் இதனை முன்னிட்டு மனக்குறை கொண்டுள்ளனர். அக்குறை யாது, அதிற் பொருளுண்டா, மலையும் வளைவும் நிறைந்த ஊவா மாகாணத்தவராகிய நமக்கு அதனாலாவது என்ன என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் வண்டியின் மென்பொருள் என்பது யாதெனக் காண்போம். பழைய வண்டியில் வேக மிதியிலிருந்து ஒரு கம்பி எஞ்சினுக்குச் செல்லும். மிதித்த அளவுக்குக் கம்பி இழுபடும். இழுபட்ட அளவுக்கு எஞ்சின் வேகங்கொள்ளும். காலுக்கும் எஞ்சினுக்கும் இடையே நின்றது வெறும் கம்பியே. புதிய வண்டியிலோ வேக மிதியும் பெரும்பாலான பொத்தான்களும் ஒரு சிறு கணினிக்குச் செய்தி அனுப்புவதோடு நின்றுவிடுகின்றன. செய்தியைப் பெற்ற கணினி, தன்னுள் எழுதப்பட்டிருக்கும் கட்டளைத் தொகுதியின்படி, எவ்வளவு விசையை எப்பொழுது கொடுப்பது எனத் தீர்மானிக்கின்றது. அக்கட்டளைத் தொகுதியே மென்பொருள். இன்றைய வண்டி ஒன்றிற் பல பத்துச் சிறு கணினிகள் உள. கட்டளைத் தொகுதியை மாற்றினால், ஓர் ஆணியையும் கழற்றாமலே வண்டியின் போக்கை மாற்றிவிடலாம். இவ்வாறு மாற்றுதலே மென்பொருட் புதுப்பிப்பு எனப்படும்.

முன்னர் இம்மாற்றத்தைச் செய்ய வண்டியைக் கராஜுக்குக் கொண்டுசென்று கம்பி தொடுக்கவேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த டெஸ்லா மொடல் எஸ் வண்டி, தொலைபேசி வலையமைப்பின் வழியாகவே புதுப்பிப்பைப் பெறும் வழக்கத்தைப் பரவச் செய்தது. பின்னர் ஏனைய கம்பனிகளும் அவ்வழியைப் பின்பற்றலாயின.

இம்முறையால் விளைந்த நன்மைகளை முதலிற் கூறிவிடுதல் நடுவுநிலைமை ஆகும். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், நுகர்வோருக்காகப் பொருள்களைச் சோதித்து வெளியிடும் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, டெஸ்லா மொடல் 3 வண்டி மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்பதற்கு 152 அடி எடுக்கின்றது எனக் குறை கூறிற்று. சில நாள்களுள் ஒரு புதுப்பிப்பு அனுப்பப்பட்டது. மறுபடி சோதித்தபோது வண்டி 133 அடியில் நின்றது. ஒருவரும் ஒரு பாகத்தையும் தொடாமல் 19 அடி குறைந்தது வியத்தற்குரியதே. 2015ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சியாளர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியொன்றை வலையமைப்பு வழியே தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டினர். அதன் பயனாக 14 இலட்சம் வண்டிகளின் மென்பொருள் திருத்தப்படவேண்டியதாயிற்று. திருடன் நுழையும் துளையை அடைக்கும் இத்தகைய திருத்தங்களை வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது.

அங்ஙனமாயின் உரிமையாளர் மனங்கசந்தது எதனால்? திருத்தம் வரும் அதே வழியால் வேறு மாற்றங்களும் வருகின்றமையாலே. 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் டெஸ்லா வண்டிகளுக்கு 11ஆம் பதிப்பு மென்பொருள் அனுப்பப்பட்டது. அவ்வண்டிகளிற் பொத்தான்கள் மிகச் சில. பெரும்பாலான காரியங்கள் தொடுதிரையிலேயே நடைபெறும். கண்ணாடியிற் படியும் பனிப்படலத்தை நீக்குதல், இருக்கையைச் சூடாக்குதல் ஆகியவற்றுக்குரிய குறிகள் அதுவரை திரையின் அடியில் எப்பொழுதும் தெரியும்படி இருந்தன. புதிய பதிப்பு அவற்றை உள்ளே வேறொரு பக்கத்துக்குள் மறைத்துவிட்டது. ஒரு தொடுகையில் முடிந்த காரியத்துக்கு இப்பொழுது இரண்டு மூன்று தொடுகை வேண்டியதாயிற்று. மாரிக்காலத்தின் நடுவே இம்மாற்றம் வந்தமையால் உரிமையாளர் பலர் சினந்தனர். பின்வந்த புதுப்பிப்புகளிற் சிலவற்றைக் கம்பனி திருத்திற்று.

வேறு வகை மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் வந்த ஒரு புதுப்பிப்பு, பழைய மொடல் எஸ் வண்டிகள் சிலவற்றின் மின்கலம் முழு அளவுக்கு ஏறாதவாறு கட்டுப்படுத்திற்று. ஒருமுறை மின்னேற்றி முன்னர் ஓடிய தூரம் ஓட முடியவில்லை என உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தனர். 2021இல் 1743 வண்டிகளின் பொருட்டு 15 இலட்சம் டொலர் கொடுத்துக் கம்பனி அவ்வழக்கை இணக்கத்தில் முடித்துக்கொண்டது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் ரிவியன் என்னும் மற்றோர் அமெரிக்கக் கம்பனி அனுப்பிய புதுப்பிப்பிலே தவறு நேர்ந்து, பெற்ற வண்டிகளின் நடுத்திரை செயலிழந்தது. வண்டி ஓடிற்று, ஆயின் திரை வழிச் செய்யவேண்டிய காரியங்கள் நின்றுவிட்டன.

“ஒரு பொத்தான் இடம் மாறியதற்கு இத்துணை ஆரவாரமா?” எனச் சிலர் வினவலாம். விடை பழக்கத்தின் இயல்பிலே உள்ளது. வீணை வாசிப்பவர் மெட்டுக்களை எண்ணிப் பார்த்து விரல் வைப்பதில்லை. விரலே இடத்தை அறியும். ஓர் இரவில் எவரோ வந்து மெட்டுக்களை அரையங்குலம் நகர்த்திவிட்டால், வித்துவானுக்கும் மாணவனுக்கும் வேற்றுமையில்லாது போகும். வண்டியோட்டுதலும் அத்தகையதே. கை தானே பொத்தானைச் சென்றடைவதனாலேதான் கண் வீதியிலே நிற்கின்றது. கைக்கு இடந் தெரியாதுபோனால் கண் உதவிக்கு வரவேண்டும். கண் திரைக்கு வந்தால் வீதியைக் காண்பார் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் செல்லும். இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 22 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகும். அப்புத்தளையில் மூடுபனி இறங்கி முன்கண்ணாடி உட்புறம் மங்கும் வேளையில், பனிநீக்கும் குறி எங்கே மறைந்தது எனத் தேடும் சாரதியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இது வெறும் அச்சமன்று. ஸ்வீடன் நாட்டு மோட்டார்ச் சஞ்சிகை ஒன்று 2022இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது நான்கு சிறு காரியங்களைச் செய்துமுடிக்க எவ்வளவு நேரமாகும் என அளந்தனர். பொத்தான்களையுடைய 2005ஆம் ஆண்டு வொல்வோ வண்டியில் 10 விநாடி போதுமாயிருந்தது. அதற்குள் வண்டி 306 மீற்றர் சென்றது. தொடுதிரை வண்டிகளுள் மிகப் பிற்பட்டதற்கு 44.6 விநாடி ஆயிற்று. அதற்குள் அது 1372 மீற்றர் சென்றுவிட்டது. ஜெர்மனியில் ஒருவர் 2019ஆம் ஆண்டு மழையிலே கண்ணாடி துடைப்பானின் வேகத்தைத் தொடுதிரையில் மாற்ற முயன்று, வீதியை விட்டு விலகி மரங்களில் மோதினார். அவருக்கு 200 யூரோ தண்டமும் ஒரு மாதம் ஓட்டத் தடையும் விதிக்கப்பட்டன. கார்ல்ஸ்ரூ நகர உயர் பிராந்திய நீதிமன்றம் 2020இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. துடைப்பானைத் திரைக்குள் வைத்தவர் கம்பனியார். தண்டம் இறுத்தவர் சாரதி. வீதியில் நிகழ்வதற்குப் பொறுப்பு எவர் தலையிற் சுமத்தப்படும் என்பதற்கு இது சான்றாகும்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில் உள்ளது. பெரகல சந்தி வழியாகக் கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கினால், உயரம் ஏறத்தாழ 200 மீற்றராகக் குறைந்துவிடும். 1500 கிலோ நிறையுள்ள வண்டி 1000 மீற்றர் இறங்குமாயின், அது விடுக்கும் சக்தி ஏறத்தாழ 4 அலகு மின்சாரத்துக்குச் சமம். 40 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றின் தடையிலும் சக்கர உராய்விலும் ஒரு பகுதி கழியும். எஞ்சியது முழுவதையும் பிறேக்கே தாங்கினால், பிறேக் காய்ந்து பிடி தளரும். இதனாலேயே, ஏறிய கியரில் இறங்கு என்னும் பாடத்தை மலைச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்துள்ளனர். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிறேக் ஓய்ந்திருக்கும். 2021 மார்ச் 20 அன்று பசறையை அடுத்தும், 2025 செப்டெம்பர் 4 இரவில் எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்வண்டிகள் பள்ளத்தில் வீழ்ந்தமையை இம்மாகாணம் மறக்கவில்லை. பின்னதில் 15 பேர் மாண்டனர். அவ்விபத்துக்களை மென்பொருளின் மேல் ஏற்றுவதற்கில்லை. நமது வீதிகள் சிறு பிழையையும் பொறுக்கமாட்டா என்பதற்கே அவை ஈண்டுக் குறிக்கப்பட்டன.

மின்சார வண்டியிற் கியர் மாற்றும் வேலையில்லை. வேக மிதியிலிருந்து காலை எடுத்தவுடன், மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். அவ்வாறு பிறக்கும் மின்சாரம் மின்கலத்திற் சேரும். தாழ்ந்த கியரின் வேலையை இந்த மீளாக்கத் தடுப்பே செய்கின்றது. ஆனால் அது எவ்வளவு வலுவாகப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள். அன்றியும், மின்கலம் நிறைந்திருந்தால் புதிய மின்சாரத்துக்கு இடமின்மையால் இத்தடுப்புக் குறையும். அப்புத்தளையில் முழுவதும் மின்னேற்றி உடனே கீழே இறங்கும் சாரதி இதனை அறிந்திருத்தல் வேண்டும். இத்தடுப்பின் அளவு ஒரு புதுப்பிப்பினால் ஓர் இரவில் மாறுமாயின், நேற்று வளைவுக்கு முன் வேகத்தைத் தணித்த அதே கால் இன்று தணிக்காது.

இது கற்பனைக் கவலை எனத் தள்ளுவதற்கில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்திற் சீன அரசின் சந்தை ஒழுங்குமுறைத் திணைக்களம், டெஸ்லா வண்டிகள் 11 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றின் மென்பொருள் திருத்தப்படும் என அறிவித்தது. மீளாக்கத் தடுப்பின் வலுவைச் சாரதி தெரிவுசெய்ய அவ்வண்டிகளில் இடமில்லை என்பதும், வேக மிதி நெடுநேரம் ஆழமாக மிதிக்கப்படும்போது போதிய எச்சரிக்கை இல்லை என்பதும் அது கண்ட குறைகள். பிறேக் என எண்ணி வேக மிதியை மிதிக்கும் தவறு இவற்றாற் பெருகக்கூடும் என்றது. பரிகாரம் யாது? ஒரு புதுப்பிப்பே. தெரிவு சாரதியின் கைக்கு மீட்டளிக்கப்பட்டது. வானலைப் புதுப்பிப்பு தன்னளவில் நன்றுமன்று தீதுமன்று. அது எவர் கையிலே தெரிவை வைக்கின்றது என்பதே வினா.

பதுளைத் தெருவில் இத்தகைய வண்டிகள் எத்தனை எனக் கேட்கலாம். தோட்டத்து லொறிகளும் பழைய பஸ்வண்டிகளும் முச்சக்கர வண்டிகளுமே இன்றும் நம் கண்ணில் மிகுதியாகப் படுவன. எனினும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கப்பட்டது. மின்சார வண்டிகளும் தொடுதிரை வண்டிகளும் வரத்தொடங்கிவிட்டன. நமக்குப் புரியாத மொழியிற் பேசும் வண்டியோடு வாழ்தலும் நமக்குப் புதிதன்று. ஜப்பானிலே ஓடிப் பின் இங்கு வந்த வண்டிகள் பல, விசையைத் திருப்பியவுடன் சுங்கவீதி அட்டை செருகப்படவில்லை என ஜப்பானிய மொழியிற் கூறுவதை நாம் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகின்றோம். அக்குரலைப் பொருட்படுத்தாது ஓட்டினோம், தீங்கு விளையவில்லை. வண்டியின் இயல்பு மாறிற்று என்னும் அறிவித்தலையும் அவ்வாறே புறக்கணித்தால் தீங்கு விளையும்.

இங்கு மேல்நாட்டார் அதிகம் பேசாத ஒன்றையும் கருதவேண்டும். அந்நாடுகளில் வண்டியின் உரிமையாளரே பெரும்பாலும் அதன் சாரதி. நம் நாட்டில் அவ்வாறன்று. வாடகை வானை வாங்கியவர் கொழும்பில் இருப்பார்; ஓட்டுபவர் ஹாலிஎலயில் இருப்பார். தோட்டத்து வாகனம் கம்பனிக்குரியது. ஓட்டுபவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். புதுப்பிப்பு வரும் அறிவித்தல் உரிமையாளரின் கைத்தொலைபேசிக்கு ஆங்கிலத்திற் சென்று சேரும். அவர் படியாமலே சம்மதக் குறியைத் தொடுவார். விடியற்காலையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு மடுல்சீமையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்கும் சாரதிக்கு ஒன்றும் தெரியாது. சம்மதித்தவர் ஒருவர், வளைவைச் சந்திப்பவர் மற்றொருவர். அதிகாரியும் வண்டிச் சொந்தக்காரரும் அறியாத இவ்விடைவெளியிலேதான் நம்மவர்க்குரிய ஆபத்து இருக்கின்றது.

மகாபாரதத்திற் கர்ணனுடைய தேரை ஓட்டியவன் சல்லியன். தேர் கர்ணனுடையது, வில்லும் அவனுடையது, கடிவாளமோ, கர்ணனின் ஊக்கத்தைக் கெடுப்பதாகத் தருமனுக்கு முன்னரே வாக்களித்தவன் கையில் இருந்தது. வண்டி செய்யும் கம்பனியாரைச் சல்லியனோடு முழுதும் ஒப்பிடுதல் நியாயமாகாது. அவர்கள் நமக்குப் பகைவரல்லர். ஆயினும் ஓர் உண்மை இங்கு விளங்கும். தேரைச் சொந்தமாகக் கொள்வது வேறு. கடிவாளத்தைக் கையிற் கொள்வது வேறு. விற்றபின்னும் மாற்றும் ஆற்றலைத் தம்மிடமே வைத்திருப்போர், நம் தேவையோடு தம் செலவையும் வருவாயையும் எண்ணியே மாற்றுவர்.

வண்டியின் தன்மையே மென்பொருளைச் சார்ந்திருத்தல் நம் நாட்டு நீதிமன்றத்தையும் எட்டியுள்ளது. 2025ஆம் ஆண்டில் இறக்குமதியான பிவைடி மின்சார வண்டிகளின் மோட்டார் வலு 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா என்பது பற்றிச் சுங்கத் திணைக்களத்துக்கும் இறக்குமதியாளருக்கும் பிணக்கெழுந்து, மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. வலுவுக்கேற்ப வரி விதிக்கப்படுதலே பிணக்குக்குக் காரணம். அதில் எவர் பக்கம் நியாயம் எனக் கூறுதல் நம் வேலையன்று. பெற்றோல் எஞ்சினின் கொள்ளளவை அளவுகோலால் அளக்கலாம்; மின்மோட்டார் எவ்வளவு வலுவை வெளிவிடலாம் என்பதை மென்பொருளே வரையறுக்கலாம். அத்தகைய பொருளை வாங்குபவன், தான் வாங்கியது யாது என்பதைத் தெளிவாக அறியும் உரிமை உடையவன்.

இவ்வுரிமையை உலகம் சிறிது சிறிதாக உணர்ந்து வருகின்றது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு 2020இல் ஏற்று, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 156ஆம் இலக்க ஒழுங்குவிதி மென்பொருட் புதுப்பிப்பைப் பற்றியது. புதுப்பிப்புக்கு முன்னரே அதன் நோக்கம் யாது, வண்டியின் செயல்களில் யாது மாறும், எவ்வளவு நேரமாகும் என்பவற்றைப் பாவிப்பவருக்கு அறிவித்தல் வேண்டும் என அது கட்டளையிடுகின்றது. ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, திசைக்குறி விளக்கு, அபாய விளக்கு, ஹோர்ன், துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கைக்குத் தட்டுப்படும் பொத்தானோ பிடியோ இருந்தால்தான் முழு மதிப்பு என 2026 முதல் வரையறுத்துள்ளது.

நமக்கு வேண்டுவன யாவை? புதுப்பிப்புகளை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். பழுதையும் திருட்டு வழியையும் அடைக்கும் திருத்தங்கள் ஒரு வகை. அவை தாமதமின்றி வரட்டும். கையும் காலும் பழகியவற்றை மாற்றுவன மற்றொரு வகை. இவை சாரதி கேட்டாலன்றி வரலாகாது. வந்தபின் வேண்டாமெனில் பழைய நிலைக்கு மீள வழி இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, பாதுகாப்பு வேண்டுமாயின் மாற்றத்தையும் ஏற்றுக்கொள் என்பது முறையன்று. அறிவித்தல் சாரதியின் கண்முன், வண்டியின் திரையிலேயே, அவர் வாசிக்கும் மொழியில் தோன்றவேண்டும். தமிழும் சிங்களமும் அரச மொழிகளாகவுள்ள நாட்டில் இது பெருங்கோரிக்கை அன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நம்மிடம் உள்ளது. வாங்கியபின் மாறும் பொருள்களையும் அச்சட்டத்தின் கண்கொண்டு நோக்கும் காலம் வந்துவிட்டது.

சட்டம் வரும்வரை நாமும் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ளலாம். பயணத்துக்கு முதல்நாள் இரவில் புதுப்பிப்பை ஏற்காதிருத்தல் நன்று. ஏற்றபின், இறக்கத்திற் செல்லுமுன் சமதரையில் மெல்ல ஓட்டி, பிறேக், மீளாக்கத் தடுப்பு, துடைப்பான், பனிநீக்கி, விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். உரிமையாளர் வேறு, சாரதி வேறு ஆயின், புதுப்பிப்பை ஏற்ற நாளும் மாறியது யாது என்பதும் வண்டியில் வைக்கும் ஓட்டப் பதிவுப் புத்தகத்தில் எழுதப்படவேண்டும். ஆங்கிலம் அறிந்த மாணவர், தம் தந்தையரும் தமையன்மாரும் ஓட்டும் வண்டிகளில் வரும் அறிவித்தல்களை அவர்களுக்கு வாசித்துப் பொருள் கூறுவாராயின், கற்ற கல்வி அன்றே பயன்படும். மலைவீதியில் வண்டியைக் காப்பது அதனை ஓட்டுபவரின் அறிவு. வண்டியில் மாறியது யாதென அறியாது அவ்வறிவு தொழிற்படாது.